பின்சீட்டைக் கழற்றிய மாஸ்டர்

நாள் முழுக்க ஊரார் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஒருவர், சொந்த மனைவி பக்கத்தில் உட்கார என்ன செய்ய வேண்டும்? தனிமை, தூரம் என்று தடிமனான புத்தகங்கள் எழுதியவர்கள் இதற்குப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஸ்பேனரை எடுத்தார்.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கற்றுக்கொள்ள வருபவர்களை மாடு என்பார். லைசென்ஸ் வாங்கிவிட்டால் எல்லாம் தன்னால்தான் என்பார். வீட்டில் ஒரு பழைய செடான் கார் இருந்தது. அதில் மனைவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்க போடுங்க... என்னத்த சொல்லிக் குடுக்குறீங்களோ" என்று வழி நெடுக வகுப்பெடுப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "வாய மூட முடியலைன்னா பின்னாடி போய் உக்காரு" என்றார்.

அவள் அடுத்த சிக்னலிலேயே இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்தாள். வீட்டில் பேசுவாள், சிரிப்பாள். காரில் ஏறினால் முதலாளியம்மா. ஒரு மருத்துவமனை வாசலில் காவலாளி அவரிடம், "டிரைவருங்க எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க" என்றான். போய் நின்றார். ஒரே ஒரு மன்னிப்பு போதும். அது மட்டும் கியர் விழாமல் தொண்டையில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், மச்சினனைத் துணைக்கு வைத்துக்கொண்டு கார் கதவுகளைத் திறந்து போட்டார். பின்சீட்டு அடிமெத்தையின் முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கியதும் கிளிப் விட்டது.

"எதுக்கு மாமா இதெல்லாம்?"

"எலி."

"நான் பாக்கலையே."

"எலி என்ன உன்கிட்ட சொல்லிட்டா வரும்? அந்த போல்ட்டப் பிடி மாப்ள."

"அக்காவ முன்னாடி உக்கார வைக்கத்தானே?"

"வாய் இருக்கே உனக்கு. குடும்பச் சொத்து."

போல்ட்டுகள் கழன்றதும் முதுகுமெத்தையை மேல்நோக்கித் தள்ள, அது கொக்கியிலிருந்து விடுபட்டது. அடியில் கொண்டை ஊசிகள், ஒரு சீப்பு, தொலைத்துவிட்டாள் என்று மாஸ்டர் வீட்டையே இரண்டாக்கிய அவருடைய மூக்குக்கண்ணாடி. அதைச் சத்தமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் வெறும் தகரம்தான் மிஞ்சியது. முன்சீட்டை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மனைவி வந்தாள். பின்கதவைத் திறந்து தகரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். உள்ளே போய், காய் நறுக்க உட்காரும் குட்டி ஸ்டூலைக் கொண்டுவந்து பின்னால் போட்டு, குனிந்து ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, ஒரு பள்ளம் வந்தா உருண்டுருவ."

"ஓட்டுறவரு மாஸ்டராச்சே. உருட்டட்டும்."

மச்சினன் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மாஸ்டர் சாவியை விரலில் சுற்றியபடி நின்றார். இப்போதாவது அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் செய்ததை, மகள் கேட்டும் மச்சினன் கேட்டும், கடைசிவரை யாருக்கும் விளக்கவில்லை.

"மெதுவா ஓட்டு" என்று சாவியை மச்சினன் கையில் திணித்தார். சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தார். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு வெறும் தகரத்தில் சம்மணமிட்டு, ஸ்டூலை ஒட்டி உட்கார்ந்தார். அவர் தலை அவள் தோள் உயரத்துக்கு வந்தது.