இருட்டறை ஈக்கள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வாழைப்பழத்தை மொய்க்கும் அதே குட்டி ஈதான். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் ஈயை அடைத்து இருட்டறையில் வைப்போம். குழாயின் நடுவே பாயும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது கடக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். சாதாரண ஈ, வெளிச்சமே படாவிட்டாலும் நாள்கணக்காக நேரம் தவறாமல் விழிக்கும், தூங்கும். என் ஈக்கள் அப்படியல்ல. மூளையில் சில நரம்பணுக்கள் சுரக்க வேண்டிய சின்னஞ்சிறு புரதம் ஒன்று அவற்றுக்குப் பிறவியிலேயே கிடையாது. மூளைக்குள் இருக்கும் கடிகாரங்களைச் சேர்ந்து ஓடவைப்பது அதுதான். அது இல்லாத ஈக்களில் பெரும்பாலானவை, விளக்கை அணைத்த சில நாட்களில் தாளம் கெட்டு, கண்ட நேரத்தில் நடக்கும், கண்ட நேரத்தில் நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. அப்பா ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். ஆபரேஷன் முடிந்து, பிழைத்து, பெங்களூரிலேயே காக்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனால் நினைவு அடிக்கடி பிசகியது. இரவு பகல் என்ற கணக்கு அடியோடு போய்விட்டிருந்தது. மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கிப்போவார். ஊர் அடங்கிய பிறகு சட்டை மாட்டி, தலை சீவி, "ஸ்கூலுக்கு டைம் ஆச்சு, காபி குடு" என்று அம்மாவை எழுப்புவார். தெருவில் இறங்கிவிடுவாரோ என்ற பயத்தில் அம்மா வாசல் கதவோரம் பாய் போட்டுப் படுத்தாள். படுத்தாளே தவிர, தூங்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அம்மாவிடம் என் ஈக்களைப் பற்றியும் அவற்றுக்கு இல்லாத அந்தப் புரதத்தைப் பற்றியும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத அப்பாவுக்கு ஊசியா போட முடியாதாடி?"

"அது பூச்சி மூளைல இருக்கறதும்மா. மனுஷனுக்கு வேற."

"மனுஷனுக்கு இருக்கறத யாரும் படிக்கலியா?"

"படிக்கிறாங்க. ஊசியா போடற மாதிரி இன்னும் எதுவும் வரல."

அம்மா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சம் இருந்தால் என் ஈக்கள்கூட ஓரளவு பொழுதோடு ஒத்துப்போகும். அதனால் காலையில் அப்பாவை முற்றத்து வெயிலில் உட்காரவைத்தோம். கொஞ்சநாள் இரவில் தூங்கினார். அம்மாவின் முகத்தில் களை வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. அப்பா பழையபடி ஆனார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பகல். இருட்டறையில் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவள் கதவைத் தட்டினாள்.

"உங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி போன் பண்ணாங்க. சீக்கிரம் போ."

நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மா அடுப்படியில் விழுந்து கிடந்திருக்கிறாள். மாரடைப்பு என்றார்கள். அப்பா உள்ளறையில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சர்ச்சில் அடக்க ஆராதனையின்போதும் என் தோளில் சாய்ந்து தூங்கினார். கல்லறையிலிருந்து வீடு திரும்பியதும் "அம்மா எங்க?" என்றார். சொன்னேன். குலுங்கிக் குலுங்கி அழுதார். தூங்கினார். எழுந்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே அழுகை, அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல.

அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். அவர் தூங்கும்போது நானும் தூங்கினேன்.

ஒருநாள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"அம்மா எங்க?"

"கடைக்குப் போயிருக்காங்கப்பா."

"இந்த நேரத்துலயா? தனியாவா அனுப்புன?"

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"டார்ச்சாவது எடுத்துட்டுப் போனாளா?"

"எடுத்துட்டுப் போனாங்கப்பா" என்றேன்.