விரிசலுக்கு வைத்த சீப்பு

பாறை விரிசலின் சொரசொரப்பை அளப்பது என் தொழில். சொரசொரப்பாக இருந்தால் மேல்பாறை நிற்கும், வழவழப்பாக இருந்தால் சறுக்கும், அவ்வளவுதான். வெயிலில் கருவி தூக்கி அலையும் சக பாவிகளே, மற்றதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீப்பு

கருவி பெரிய சீப்பு மாதிரி இருக்கும். பல்லுக்குப் பதில் மெல்லிய கம்பிகள். பாறையில் வைத்து அழுத்தினால் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி கம்பிகள் நகரும்.

பம்மலில் பழைய கல்குவாரியை ஒட்டி ஒரு வீடு. மீன் விற்கும் செல்வி, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குப் பின்னால் சாய்வான விரிசல் மேல் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. மழைக்கு அது தாங்குமா என்று நான் சொல்ல வேண்டும். செல்வி சீப்பைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள்.

"முடியே இல்ல, இவ்ளோ பெரிய சீப்பு இன்னாத்துக்கு சார்?"

பூச்சு

அன்றைக்கு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுநாள் அளக்கப் போனால், விரிசலில் மேல்பாறை மூடாமல் வெளியே தெரிந்த பாகம் முழுக்க சிமெண்ட் பூச்சு. கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருக்கிறாள். பூச்சையா அளப்பது? கத்தினேன்.

"ஆபீசர் வராரே, அசிங்கமா கீதேன்னு பூசி வெச்சா, வந்ததும் வராததுமா கத்துறியே சார்!"

குறுக்கே, நெடுக்கே

ஓரத்தில் ஒரு முழம் பூச்சு படாமல் இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் ரவி, கைக்கு வசதியாக இருக்கிறதென்று சீப்பைக் குறுக்கே வைத்தான். நல்ல சொரசொரப்பு. பயமில்லை என்று செல்வியிடமே சொல்லியும்விட்டான்.

பாறை குறுக்கேயா சறுக்கும்? வீட்டைப் பார்த்த சரிவு வாக்கில் நான் வைத்தேன். கம்பிகள் ஏறக்குறைய நேர்கோடு. கூரைக்குப் போடும் நெளி தகர ஷீட் மாதிரி: குறுக்கே மேடு பள்ளம், நெடுக்கே வழவழப்பு. இன்றைக்கே வீட்டைக் காலி பண்ணு என்றேன்.

"அந்தத் தம்பி பயமில்லன்றாரு, நீ காலி பண்ணுன்ற. ரெண்டு பேரும் ஒரே சீப்புதானே சார் வெச்சீங்க?"

மழை

திட்டிக்கொண்டேதான் போனாள். பிள்ளைகளோடு அனகாபுத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. நாலாம் நாள் மழை. மத்தியானம் பாறை சறுக்கி, பின்சுவரை உடைத்து, சமையலறை நடுவில் வந்து நின்றது. நான் போனபோது செல்வி இடிபாட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் அவள் இரு பக்கமும். என்னைக் கண்டதும் திரும்பினாள்.

"இவ்ளோ கரெக்டா சொல்லத் தெரிஞ்ச ஆளு, கிரைண்டரையும் தூக்கினு போம்மான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?"

பாறை நின்றால் வீணாகக் காலி பண்ண வைத்தாய் என்று திட்டு, சறுக்கினால் கிரைண்டருக்குத் திட்டு. திட்ட ஆள் மிச்சம் இருக்கிறதே, அதுதான் எங்கள் தொழிலில் நல்ல வேலைக்கு அடையாளம்.