மணிக்கு வைத்த கண்ணாடிக் கண்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். நல்ல மனிதர்... நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

காய்ச்சல் இல்லை. ஒரு பறவையைக் கொன்றுவிட்டேன்.

பறவைக்குப் பெயர் மணி. பவானி அக்காவின் பறவை. ஆஸ்திரேலியாப் பக்கத்துச் சின்னக் கிளி வகை — சாம்பல் உடம்பு, தலையில் மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் யாரோ விரலால் தொட்டு வைத்த மாதிரிச் செம்மஞ்சள் பொட்டு. வயது பதினாறு.

பவானி அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஜெர்மனியில், பான் நகரத்தில், எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. தனி ஆள். வேலையால் வந்து கதவைத் திறந்ததும் ஒரு விசில் அடிப்பார். உள்ளேயிருந்து மணி பதில் விசில் அடிக்கும். பதினாறு வருடமாக அந்த வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான்.

கனடாவில் அவருடைய ஒரே தங்கை கலாவுக்கு இதய ஆபரேஷன். ஆறு வாரம் போய் நிற்க வேண்டும்.

"சுதா, மணியை நீதான் பாக்கோணும். வேற ஆரையும் நான் நம்பமாட்டன்."

"யோசிக்காமப் போட்டு வாங்கோ அக்கா."

கூட்டைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பத்தாவது நாள் மத்தியானம். புதிதாக வாங்கிய நான்ஸ்டிக் தாச்சியை அடுப்பில் வைத்து முழுச் சூட்டில் விட்டேன். எண்ணெய் கூட ஊற்றவில்லை. அதற்குள் வேலையிடத்திலிருந்து ஃபோன் — யாருக்கோ சுகமில்லையாம், நாளைக் காலை ஷிஃப்ட்டை நான் எடுப்பேனா? படுக்கையறைக்குப் போய் காலண்டரைப் பார்த்து, அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை லீவு கேட்டு... பதினைந்து நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது சமையலறையில் மெல்லிய புகை. எனக்குத் தொண்டை கொஞ்சம் கரகரத்தது. மணி கூட்டின் தரையில் கிடந்தது. அலகைத் திறப்பதும் மூடுவதுமாக மூச்சுக்குத் தவித்தது. கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். மூன்று நிமிடம் இருக்கும்... அடங்கிவிட்டது.

நான் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி. இருபத்திரண்டு வருட வேலை. மூச்சு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என் உள்ளங்கைக்குள் நின்றது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் தேடி வாசித்தேன். இந்த ஒட்டாத பூச்சுப் பாத்திரங்கள் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ஒரு வாயு வரும். நமக்குப் பெரும்பாலும் ஒரு இருமலோடு போய்விடும். பறவையின் நுரையீரலுக்குச் சில நிமிடங்கள் போதும். பறவை வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். பவானி அக்காவின் சமையலறையில் இரும்புச் சட்டிகள் மட்டும் ஏன் இருக்கின்றன என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா?

என் கணவர் குகன் பஸ் ஓட்டுகிறார். பதற்றப்படாத மனிதர். வேலையால் வந்து பறவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வயசு போன குருவிதானேயப்பா. தானாச் செத்தது எண்டு சொல்லுவம். ஆர் கண்டது?"

"நான் கண்டனான்," என்றேன்.

வீரமாகத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் அந்த வீரம்.

ஞாயிறு மத்தியானங்களில் பவானி அக்கா வீடியோ கோலில் வருவார். அன்று அழுதுகொண்டே வந்தார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் கலா இன்னும் கண் விழிக்கவில்லை. டொக்டர்மார் ஒன்றும் சரியாகச் சொல்கிறார்களில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மணி என்ன செய்யிறான்?"

"நித்திரை அக்கா. துணி போட்டு மூடியிருக்கிறன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மணி அப்போது எங்கள் ஃப்ரீசரில், மீன் பொதிக்கும் தேங்காய்ப்பூ பாக்கெட்டுக்கும் நடுவில், ஒரு டவலில் சுற்றியபடி இருந்தது.

தங்கை அந்த நிலையில் கிடக்கும்போது எப்படிச் சொல்வது? வந்ததும் நேரில் சொல்லலாம். வெறுங்கையோடு சொல்லாமல், மணியைப் பதப்படுத்தி, உயிரோடு இருந்த மாதிரியே செய்து கையில் கொடுத்துச் சொல்லலாம்... இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் வந்தவுடன் பிடித்துக்கொண்டது.

இந்தத் தொழில் செய்கிற ஒருவரைத் தேடி ஃபோன் எடுத்தேன். வயதான குரல். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்டுப் பறவை, நாய், பூனை எதுவும் நான் செய்வதில்லை," என்றார்.

"ஏன்?"

"ஒரு நரியைச் செய்து கொடுத்தால் எல்லோரும் 'நரி' என்பார்கள். உங்கள் கிளியைச் செய்து கொடுத்தால் 'இது எங்கள் கிளி இல்லை' என்பீர்கள். அதன் முகம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அந்த ஜெர்மன்காரர் சொன்னதைக் கேட்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? எனக்கு மணியின் முகம் தெரியுமே என்று நினைத்தேன். கை நடுங்காது. கத்தி பிடிக்கத் தெரியும். தைக்கிறதைத் தினமும் பார்க்கிறேன். நானே செய்தால் என்ன?

லைப்ரரியில் ஒரு புத்தகம். யூடியூபில் வீடியோக்கள். கண்ணாடிக் கண், கம்பி, மரநார், பதப்படுத்தும் தூள் — எல்லாம் ஒரே வாரத்தில் பார்சலில் வந்தன. முதலில் வேறொன்றில் பழக வேண்டும் என்று புத்தகம் சொன்னது. என்னோடு வேலை செய்யும் மார்ட்டினாவின் வீட்டு ஜன்னலில் மோதி ஒரு கருங்குருவி செத்துக் கிடந்ததாம். "கொண்டு வரட்டுமா?" என்றாள். பிறகு அவளே விசாரித்துவிட்டு வேண்டாம் என்றாள் — காட்டுப் பறவையைச் செத்த பிறகும் அனுமதியில்லாமல் எடுத்து வைத்திருக்கக் கூடாதாம். இந்த நாட்டில் சாவுக்குப் பிறகும் பத்திரம் முடிவதில்லை.

கடைசியில் செல்லப்பிராணிக் கடையில் பழகுவதற்கு வழி கிடைத்தது. பாம்பு வளர்ப்பவர்களுக்காக, ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை உறைய வைத்து பையில் போட்டு விற்கிறார்கள். மஞ்சள் மஞ்சளாக இருபது குஞ்சு. பைக்குப் பணம் கொடுத்தபோது, கல்லாவில் நின்ற பெண், "உங்கள் பாம்புக்கு என்ன பெயர்?" என்று அன்பாகக் கேட்டாள். நான் ஒரு பெயரும் சொன்னேன்! அந்த நாட்களில் பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

முதல் குஞ்சின் கழுத்து அறுந்தது. இரண்டாவதன் தோல் ஈரக் காகிதம் போலக் கிழிந்தது. மார்பின் நடுவே ஒரு கோடு கீறி, விரல் நுனியால் தோலைச் சதையிலிருந்து மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். காலையும் இறக்கையையும் உள்ளேயே வெட்டிவிட்டு, சட்டை கழற்றுவது போலத் தலை வரைக்கும் உரிக்க வேண்டும். ஆறாவது குஞ்சு ஒரு மாதிரிக் குஞ்சு போலவே உட்கார்ந்தது. குகன் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"சுதா, இதை விட்டிடு. உள்ளதைச் சொல்லு," என்றார் அங்கிருந்தே.

"சொல்லத்தான் போறன். இதை முடிச்சிட்டு."

அந்த வாரங்களிலும் இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ரயில் தாமதங்கள் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதியது ஞாபகம் இருக்கிறதா? அது, மணியைச் செய்து முடித்த வாரம்.

மணிக்கு ஒரு முழு நாள் எடுத்தது. உள்ளே இருந்த உடம்பு என் கட்டைவிரலை விடக் கொஞ்சம்தான் பெரிது. மிச்சமெல்லாம் இறகு. பதினாறு வருடம் ஒரு மனுசியின் தனிமையைத் தாங்கிய உடம்பு அவ்வளவுதான். மரநாரில் நூல் சுற்றி அதே அளவில் ஒரு உடம்பு செய்தேன். கம்பி கோத்தேன். கண் வைத்தேன். தைத்தேன். இறகுகள் கலையாமல் காகிதப் பட்டியால் சுற்றி, ஊசி குத்திக் காயவிட்டேன்.

அதற்கிடையில் இரண்டாவது ஞாயிறு பழைய வீடியோ ஒன்றை அனுப்பிச் சமாளித்தேன். மூன்றாவது ஞாயிறு பவானி அக்கா மணியைப் பற்றிக் கேட்கவேயில்லை. கலா மோசம் என்றார். புதன்கிழமை கலா இறந்துபோனார். கண் விழிக்காமலே.

அடுத்த ஞாயிறு ஃபோன் வந்தபோது அவர் முகத்தில் முகமே இல்லை. செத்தவீடு முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

"சுதா... எனக்கு மணியை ஒருக்காக் காட்டு. வேற ஒண்டும் வேண்டாம்."

இப்போது சொல்லலாமா? இப்போதா? தங்கையை எரித்த மறுநாளா? "ரெண்டு நிமிசம் அக்கா," என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். காகிதப் பட்டிகளைக் கழற்றினேன். கூட்டைத் திறந்து, மணியின் காலை அதன் பழைய கம்பியில் பொருத்தினேன். குகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் ஃபோனை எடுத்து, தூரத்திலிருந்தே, கதவோரம் நின்று காட்டினேன்.

பவானி அக்கா விசில் அடித்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தடவை அடித்தார்.

"ஏன் திரும்பிறானில்லை?"

"நித்திரை அக்கா..."

"கண் திறந்திருக்கு, சுதா."

நான் ஃபோனை என் பக்கம் திருப்பினேன்.

"நேற்றும் இப்பிடித்தான் பாத்தனான்," என்றார் மெதுவாக. "அவளுக்கும் பவுடர் எல்லாம் போட்டு, தலை வாரி, வடிவாக் கிடத்தியிருந்தவை. எனக்குத் தெரியாதே?"

பிறகு கேட்டார். "எப்ப?"

"மூண்டு கிழமைக்கு மேல அக்கா. என்ர பிழை. அடுப்பில தாச்சியை..."

"மூண்டு கிழமை. அப்ப ஒவ்வொரு ஞாயிறும் நான் ஆரைச் சுகம் விசாரிச்சனான்?"

ஃபோன் அணைந்துவிட்டது.

அவருக்காகத்தான் மறைத்தேன் என்று அதுவரை என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்காகவா? அவர் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டி வருமே என்பதற்காக. பயத்தில் சொல்கிற பொய்க்கு இரக்கம் என்று பெயர் வைப்பதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

அடுத்த வாரம் பிராங்பேர்ட் ஏர்போர்ட்டுக்கு நானும் குகனும் போனோம். எங்கள் காரில் வரமாட்டேன் என்று பவானி அக்கா சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார். மணியைக் கையில் எடுத்தார். கொண்டையை ஒரு விரலால் தடவினார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறாய்," என்றார். "இது அவனில்லை."

எங்கள் இரண்டு பேருக்கும் தோட்டம் கிடையாது. மார்ட்டினாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு சின்ன வாடகைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு ஆப்பிள் மரத்தடியில் குழி வெட்டித் தந்துவிட்டு, அவள் கண்ணியமாக மறுபக்கம் போய்விட்டாள்.

பவானி அக்கா மணியைக் குழியில் வைக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"அதை எடு."

"எதை அக்கா?"

"அந்தக் கண்ணை. அதோட அவனைப் புதைக்க விடமாட்டன்."

என் கைப்பையில் சின்ன இடுக்கி ஒன்று இருந்தது. அவர் பிடித்துக்கொள்ள, நான் எடுத்தேன். ஒன்று. பிறகு மற்றது. என் வேலையில் எத்தனையோ விதமான ஆபரேஷன்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இதைப் போல ஒன்று செய்ததில்லை. எடுத்த பிறகு இரண்டு வெறும் குழிகள். அதைப் பார்த்த பிறகுதான் பவானி அக்கா அழத் தொடங்கினார் — மணிக்காகவா, கலாவுக்காகவா, நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மண்ணைப் போட்ட பிறகு கேட்டார். "கஷ்டப்பட்டவனோ?"

வார்டில் வேலை செய்த காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். வலி தெரிந்திருக்காது. இரண்டு மொழியிலும் மனப்பாடம். வாய் வரை வந்தது.

"ஓம் அக்கா," என்றேன். "மூச்சுக்குக் கஷ்டப்பட்டது. மூண்டு நிமிசம். என்ர கையிலதான் இருந்தது."

தலையை ஆட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்... அது அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

இதைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. அந்தத் தாச்சி விசயத்தை வடிவா எழுது. வேற ஆக்களின்ர குருவி சாகக் கூடாது."

எழுதிவிட்டேன்.

தோட்டத்து வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்: "ஒரு மாசத்துக்கு எனக்கு ஃபோன் எடுக்காதை. கதவையும் தட்டாதை. ஒரு மாசம்."

இனி எப்போதும் என்று அவர் சொல்லவில்லை.

இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள்.