மொட்டையான மாமரமும் நான் கொடுத்த புகாரும்

கோயம்புத்தூரில் தம்பி மகள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, ஒன்பது நாள் கழித்துக் கொல்கத்தா வீட்டுக்குத் திரும்பினோம். கொல்லைக் கதவைத் திறந்ததும் கண் கூசியது. எப்போதும் அங்கே இருக்கும் நிழல் இல்லை. மாமரத்தை மொட்டையடித்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்குள் நீண்ட கிளைகளை மட்டும் வெட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். ஆட்கள் சுவரேறி எங்கள் பக்கம் வந்து நடுக்கொம்பையும் பாதியில் அறுத்திருந்தார்கள். பட்டை கிழிந்து தொங்கியது. மாம்பூங்கொத்துகள் தரையில் காய்ந்து கிடந்தன.

கணவர் வந்து பார்த்தார். "பெட்டிய முதல்ல உள்ள வை. ஆத்திரத்துல போய் எதையும் பேசிராத," என்றார்.

நான் போனேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரைத் தாதா என்றும் அவர் மனைவியைப் பௌதி என்றும் அழைப்பேன், வங்காளத்தில் அண்ணன், அண்ணி. இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு வங்காளம் பேசக் கற்றுக்கொடுத்தவரே பௌதிதான். இருபது வருஷமாக எங்கள் மாங்காய் அவர்கள் வீட்டுக்குப் போகும். அதைப் போட்டு அவர்கள் வைக்கும் பருப்புக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும்.

"தாதா, மரத்த ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"ரெண்டு வருஷமா உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டிருக்கேன். காய் முடியட்டும், காய் முடியட்டும்னே சொன்னார்."

"அதுக்காக நாங்க இல்லாதப்பவா?"

"நீங்க இருந்திருந்தா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன் என்பது எனக்கே தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் மரத்தைப் படமெடுத்தேன். வங்காளத்தில் புகார் எழுதித் தரச்சொல்லி மகளைக் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவரைப் பெரியப்பா முறையில் ஜேட்டு என்றுதான் கூப்பிடுவாள். "ஜேட்டு மேல கம்ப்ளெயின்டா? என்னால முடியாதும்மா," என்று எழுந்து போய்விட்டாள். நானே ஆங்கிலத்தில் எழுதி, அலிப்பூரில் இருந்த வனத்துறை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். திரும்பும் வழியில் கரியாஹாட்டில் இறங்கிக் காய்கறி வாங்கியபோது மனசு லேசாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து இரண்டு அதிகாரிகள் வந்து மரத்தை அளந்தார்கள். யார் வெட்டியது என்று கேட்டதும், சுவருக்கு அப்பாலிருந்து தாதா "நான்தான்" என்றார். மொட்டைமாடியில் நின்றிருந்த பௌதி என்னைப் பார்க்காமல் அவர்களிடம் பேசினார்.

"பெரிய புயல் வந்துச்சே, அன்னிக்கு இந்த மரத்துக் கிளைதான் ஜன்னல உடைச்சுக்கிட்டு என் கட்டில்ல விழுந்துச்சு. தண்ணி குடிக்க எழுந்து போயிருந்ததால தப்பிச்சேன். அதுலேர்ந்து காத்தடிச்சா அந்த ரூம்ல என்னால இருக்க முடியல."

ஜன்னல் உடைந்தது எனக்குத் தெரியும். கட்டில் விஷயம் தெரியாது.

சாயங்காலம் கிடர்பூர் துறைமுக ஆபீசிலிருந்து கணவர் வந்ததும், "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே சொன்னார். "சொன்னாரு. மரத்துல கைவைக்க நீ விடமாட்டேன்னு தெரியும். உன்கிட்ட யாரு பேசுறதுன்னு அவருகிட்ட ஏதோ சாக்கு சொல்லிட்டே இருந்தேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்னிடம் பேசுவதற்கு என் வீட்டிலேயே ஒருவர் இரண்டு வருஷம் பயந்திருக்கிறார் என்பதுதான் உள்ளே போய்த் தைத்தது.

மறுநாளே புகாரைத் திரும்பப் பெற அலிப்பூருக்குப் போனேன். "அனுமதி இல்லாம மரம் வெட்டினது சட்டப்படி குற்றம் மேடம். இனிமே இது உங்க ரெண்டு வீட்டுச் சண்டை இல்ல," என்றார் அதிகாரி. தாதாவை மூன்று முறை வரச்சொன்னார்கள். மூன்றாம் முறை வாசலில் காத்திருந்து, நானும் கூட வருகிறேன் என்றேன். "வேண்டாம்," என்று குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். கடைசியில் அபராதம் விதித்து, எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

மரம் சாகவில்லை. ஆனால் எங்கள் பக்கம் மட்டுமே கொத்துக் கொத்தாகத் தழைத்து, பாரம் தாங்காமல் வீட்டை நோக்கிச் சாயத் தொடங்கியது. தோட்டக்காரர் பார்த்துவிட்டு, அடுத்த புயலுக்குச் சமையலறை மேல் விழும், அடியோடு எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். அனுமதி கேட்டு அதே அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பத்தில் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

தாதா அவர் வீட்டு வாசலிலேயே நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் நீட்டிய தாளை முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பௌதி எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கா."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நின்றது. பௌதி வருவார் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.