அரைப்பேர் கிடையாத அறை

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போனதும் போன் எடுப்பாள். சுகம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "என்னாங்க, மூஞ்சியக் காட்டுங்க" என்பாள்.

குடித்திருந்தால் நான் வீடியோவை நிறுத்திவிட்டு, "சிக்னல் இல்ல புள்ள" என்பேன்.

"டவருக்குக் கீழ லயம், சிக்னல் இல்லையாம். ஒங்க வாடை டவருக்கே புடிக்கல போல."

அந்த வாயைக் கேட்காமல் தோட்டத்து வரிசை வீடான இந்த லயம் வெறிச்சோடிக் கிடக்கிறது, அதனால்தான் குடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவள் பக்கத்தில் இருந்தபோதும் குடித்தது வசதியாக மறந்துபோகும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் பகடி பேசவில்லை. "ஊருக்குத் திரும்பிப் போறியா, இல்ல இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கிறியான்னு மேடம் கேக்குறாங்க. மூணு மாசம் பாக்குறேன். ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் முடிவு."

எனக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் குறைப்பது. எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்குக் கத்தி தீட்டும் அரம் வாங்கப் போகும்போதெல்லாம் அங்குள்ள இரும்புக் கடை முஸ்லிம் முதலாளி என்னைக் கவனித்திருக்கிறார்.

"தம்பி, ஒரு அரம் வாங்க ஒங்களுக்கு மூணு மணித்தியாலம் போகுது. என்ட கடையில அஞ்சு நிமிஷம். மிச்சமெல்லாம் முன்னுக்கு உள்ள பாருல."

நான் அரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அந்தா, சேர்ச்சுக்குப் பின்னால ஒரு அறை. குடிய விடணும்னு நெனக்கிறவங்க ஞாயித்துக்கிழம ரெண்டு மணிக்குக் கூடுவாங்க. மதம் கேக்க மாட்டாங்க, காசும் கேக்க மாட்டாங்க. நம்ம லொறி ஓட்டுறவர் போறார். அவரே ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்."

முதல் ஞாயிறு வாசல்வரை போனேன். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம். என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் எங்கே நுழைந்தேன் என்று சொல்லவேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு உள்ளே போனேன். வட்டமாகப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, தமிழும் சிங்களமுமாகப் பத்துப் பேர். ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி, பட்டதைச் சொன்னார்கள். என் முறை வந்தது. எழுந்து தொப்பியைக் கழற்றி, பேர், தோட்டம், டிவிஷன், லயத்து நம்பர் எல்லாம் சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, அப்படித்தானே? பேரைக் கொடுத்துவிட்டு, எந்த மலைக்குப் போவது என்று கணக்கப்பிள்ளை சொல்லும்வரை நிற்க வேண்டும்.

எதிரே இருந்த பெண் லுணுகலைப் பக்கம் கொழுந்து பறிக்கிறவள். "ஒக்காருங்கண்ணே, இங்க மலை பிரிச்சுக் குடுக்க மாட்டாங்க" என்றாள். பாதி அறை சிரித்தது. யாரோ அதைச் சிங்களத்தில் சொல்ல, கொஞ்சம் பிந்தி மற்றப் பாதியும் சிரித்தது. போன வாரம் கேட்ட அதே சிரிப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டத்தை நடத்தியவர் பென்ஷன் எடுத்த பஸ் கண்டக்டர். "கடைசியாக் குடிச்சது எப்ப?" என்று கேட்டார்.

"நேத்துப் பின்னேரம். ஆனா அஞ்சு மணி வரைக்கும் தொடலைங்க. அதுக்கு அரைப்பேராவது உண்டா?"

தோட்டத்தில் முழு நாள் வேலை பதிந்தால் ஒரு பேர். வேலை குறைந்தால் பாதி நாள்தான் பதிவார்கள். அதுதான் அரைப்பேர். கண்டக்டருக்கு விளங்கவில்லை. கொழுந்து பறிக்கிறவளுக்கு விளங்கியது.

"அரைப்பேர் இங்க கெடையாதுண்ணே. ஆனா எத்தன நாள் பேர் விழாட்டியும் வேலையிலேர்ந்து நிப்பாட்ட மாட்டாங்க."

அதன் பிறகு ஞாயிறு தவறவில்லை. "இன்னைக்கு அடுத்த பஸ் ஹோல்ட் வரைக்கும் போனாப் போதும்" என்பார் கண்டக்டர். ஐந்து மணிக்கு மிஸ்ட், அந்த மலைப் பனிமூட்டம், இறங்கும்போது அதைச் சொல்லிப் பார்ப்பேன். தொண்டை ஒன்றைத் தேடும். கண் கொடிக்கயிற்றைத் தேடும், என் மனைவியின் சேலை காயாத கயிறு. குடிக்கான ஏக்கம் எது, அவளுக்கான ஏக்கம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரிந்ததே இல்லை. இரண்டும் அதே நேரத்துக்குத்தான் வரும்.

பத்தாவது வாரம், புதன்கிழமை, கீழ் லயத்தில் ஒரு சாவு. குழி வெட்டுகிறவர்களுக்குப் போத்தல் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். மறுத்தால் செத்தவரை மதிக்கவில்லை என்பார்கள். மண்வெட்டியைப் பிடித்தபோதே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. முகம் கழுவி, சவரம் செய்து, வெளிச்சத்தில் நின்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"எளச்சிட்டீங்க. ஆனா கண்ணு தெளிவா இருக்கு." அவள் குரல் லேசாக இறங்கியது. "அப்ப மேடத்துக்கிட்ட சொல்லிரவா, வீட்டுக்குப் போறேன்னு?"

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. ஆமாம் என்றால் போதும்.

"புதன்கிழம குடிச்சேன் புள்ள. குழி வெட்டப் போய்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது வரைக்கும் நீங்களா சொன்னதில்ல" என்றாள் கடைசியில். "இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழம இருக்கு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல அவங்களுக்கு."

போனை எங்கோ சாய்த்து வைத்தாள். அந்த வீட்டுக் கூரையும் மூலையில் ஒரு விளக்கும் தெரிந்தன. தண்ணீர் திறக்கும் சத்தம், பிறகு பாத்திரம் கழுவும் சத்தம். அவள் போனை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. இங்கே ஐந்து மணியாகி மிஸ்ட் வாசல்வரை வந்துவிட்டது. நான் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.