நாற்பதடிக்குள் பன்னிரண்டு டிகிரி

முத்துராணியைப் பொய் சொல்கிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால் அவ்வளவுதான். பொறுக்கவே மாட்டாள், அது அவளுடைய பிறவிக் குணம். மணிமுத்தாறு அணைக்கு மேலே மலையுச்சிச் சமவெளியில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள். அந்த வேலை நின்றுபோன பிறகு, மலைநிலத்தின் சூட்டையும் காற்றையும் அளக்க வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தினமும் மூன்று வேளை ஏழு இடங்களுக்கு நடக்க வேண்டும். புல்வெளி, தேயிலைக் காடு, சதுப்பு, வெறும் பாறை. துப்பாக்கி மாதிரியான வெப்பமானியைத் தரைக்கு நீட்டினால் சூடு தெரியும். சின்னக் கிண்ணங்கள் சுழலும் கருவியைத் தூக்கிப் பிடித்தால் காற்றின் வேகம். காய்ச்சல் வந்த நாளில்கூட அவள் நடந்திருக்கிறாள்.

அப்படி அளந்து எழுதிய நோட்டைத்தான் ஒரு சித்திரை மாத நண்பகலில், ஆராய்ச்சிக்காரர்களில் ஒருவனான குருபிரசாத் புரட்டிக்கொண்டிருந்தான். திருநெல்வேலி டவுன்காரன், படிப்பாளி, நல்ல பிள்ளை. செயற்கைக்கோள் படம் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டான்.

"அக்கா, அம்மன் பாறையில ரெண்டு இடம். நடுவுல நாப்பதடிதான். ஒரே பாறை, ஒரே வெயில். ஒண்ணு அம்பத்தொண்ணு, இன்னொண்ணு முப்பத்தொம்பதுன்னு எழுதியிருக்கீங்க. படத்துல மொத்தப் பாறைக்கும் ஒரே சூடுதான் தெரியுது."

"அதுக்கு?"

"நிழல்ல உக்காந்து எழுதினாங்களோன்னு மேல உள்ளவங்க கேக்காங்க. சரிப்படலன்னா உங்க ரெண்டு வருஷ நோட்டையும் தள்ளிருவாங்க."

முத்துராணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அட்டைக்கடியோடு நடந்த இரண்டு வருஷம்! வேலை போனாலும் போகட்டும், பொய்க்காரி என்ற பெயரோடு மலையை விட்டு இறங்க அவள் தயாராக இல்லை.

"எந்திரிங்க சார். பாறைக்கே போவோம்."

குருபிரசாத் நோட்டையும் புது வெப்பமானி ஒன்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனான். பாறையின் விளிம்பில் இசக்கியம்மனுக்கு ஒரு சூலம் நட்டிருக்கும். அதற்கு மேல் யாரானாலும் செருப்போடு ஏறுவதில்லை. முத்துராணி இரண்டு வருஷமும் வெறுங்காலோடுதான் அங்கே அளந்தாள். குருபிரசாத்தும் செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டு ஏறினான்.

பத்தடி போயிருப்பான். "ஆத்தாடி!" என்று ஒரு குதி. கருவியாவது ஒன்றாவது! தாவித் தாவி ஓடினான். ஓரிடத்தில் சட்டென்று நின்றான். இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றான். சட்டை காற்றில் படபடத்தது.

"ஏன் சார் அங்கனயே நின்னுட்டீங்க?"

"இங்கன சுடவே இல்லக்கா."

"நிழலு இருக்கோ?"

அவன் சுற்றிலும் பார்த்தான். பாறையில் ஒரு செடிகூட இல்லை.

"அந்த ரெண்டு குன்றுக்கு நடுவுல மேக்கத்திக் காத்து புகுந்து வந்து, நீங்க நிக்க இடத்த மட்டும் ஆத்திட்டுப் போகுது. இந்தப் பக்கம் குன்று மறைக்கு, காத்தே கிடையாது. படம் எடுக்கவன் ஆகாசத்துல இருக்கான், அவன் காலு எங்க சுடப்போகுது?"

அவன் குனிந்தான். அவன் பாதத்துக்குப் பக்கத்திலேயே சிவப்புச் சாயத்தில் ஆறாம் நம்பர். அவள் அளக்கும் இடம். கையிலிருந்த புதுக் கருவியை நீட்டினான். முப்பத்தொன்பது காட்டியது.

"மன்னிச்சிருங்கக்கா," என்று நோட்டை நீட்டினான். "எழுதுங்க."

"நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் எழுதினா நிழல்ல உக்காந்து எழுதினேம்பாங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டான். பிறகுதான் பார்த்தான், செருப்பு அந்தச் சுடும் பக்கத்துக்கு அப்பால் கிடந்தது.

"பைய வாங்க சார்," என்று சொல்லிவிட்டு முத்துராணி முன்னால் நடந்தாள். அவசரமே படவில்லை.