மெத்தைக்குப் போன தாம்பூலப் பைகள்

1. பால்கனியில் கிடந்த இரும்பு நாற்காலிகளின் மெத்தைகள் வெயிலில் வெடித்துக் கிழிந்தன.
2. அக்கா தன் கணவர் வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள்.
3. அக்கா பால்கனிக்கு வருவதை நிறுத்தினாள்.
4. மூன்றாவதற்குக் காரணம் முதலாவதுதான் என்று நான் முடிவுசெய்தேன்.

நான்காவது தவறு. எங்கள் மயிலாப்பூர் தெருவில் எதிர் பால்கனி கைக்கெட்டும் தூரம். அங்கே துணி உலர்த்த வரும் மாமி ஒவ்வொரு முறையும், "என்னடி, ஆத்துக்காரர் இன்னுமா டூர்லேர்ந்து வரலை?" என்று கேட்பார். அக்கா சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். அப்படியே அறைக்குள்ளேயே தங்கிப்போனாள். அலுவலக வேலையும் அங்கேதான், சாப்பாடும் அங்கேதான்.

எனக்கு மெத்தை சரிசெய்யத்தான் தெரியும், மாமியைச் சரிசெய்யத் தெரியாது. அதனால் மெத்தையிலிருந்து தொடங்கினேன். வெளியில் போடும் மெத்தை நனையாமல் இருக்க முடியாது. நனைந்த தண்ணீர் வடிந்தால் போதும். பழைய பஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி மொட்டைமாடியில் காயவைத்தேன். அடிப்பக்கத்துக்குப் பழைய கொசுவலை. மேலே போடக் கெட்டித் துணி வேண்டும். தி.நகரில் விசாரித்தபோது, உறைக்கு ஆகும் செலவில் நாற்காலியே வாங்கிவிடலாம் போலிருந்தது.

அம்மாதான் பரண்மேல் இருந்த மூட்டையைக் காட்டினாள். அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள். நல்ல கெட்டிப் பருத்தி, சந்தன நிறம். ஒரு பக்கம் பிள்ளையார் படம், மறுபக்கம் மணமக்கள் பெயர், இரண்டும் அரக்கு நிறத்தில்.

"அவ பார்த்தா?" என்றேன்.

"உள்பக்கமா திருப்பித் தைச்சா யாருக்குத் தெரியப்போகுது? ஆனா பிள்ளையார் மேல உட்காரக் கூடாது. அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துடு."

பிள்ளையார்களை எல்லாம் கவனமாக வெட்டி, மடித்து, பூஜை அலமாரியில் வைத்தேன். மிஞ்சிய பக்கங்களை ஒட்டுப்போட்டு உறை தைத்தேன். துணி தாங்குமா என்று தண்ணீர் ஊற்றிச் சோதிக்கவும் செய்தேன், எழுத்தில்லாத ஒரு துண்டில்.

நாற்காலிகளைப் போட்ட மறுநாளே மழை. விட்டதும் நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். நனைந்த துணி கண்ணாடித்தாள் போல ஆகியிருந்தது. ஒவ்வொரு மெத்தையிலும் அக்கா பெயரும் அவர் பெயரும், இடவலம் மாறி, பளிச்சென்று தெரிந்தன.

"ஐயோ, துண்டை எடுத்துட்டு வாடி!" என்று அம்மா பதறினாள். சத்தம் கேட்டு அக்காவே வந்துவிட்டாள்.

தலையைச் சாய்த்து எழுத்தைப் படித்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். "பிள்ளையார் எங்கே?"

"வெட்டி எடுத்துட்டேன்."

"அவரை மட்டும் காப்பாத்திட்டீங்களா?" என்றாள். அம்மா அழத் தயாராக இருந்தாள். அக்காவோ சிரிக்கத் தொடங்கி, ஈர மெத்தை என்றுகூடப் பார்க்காமல் தொப்பென்று உட்கார்ந்தாள். "இந்தாள் மேல ஏறி உட்காரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசைடி."

எதிரே மாமி வாளியோடு வந்து நின்றார். "புது மெத்தையா? ஏதோ எழுதியிருக்கே?"

நான் துண்டைப் போடப் போனேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"என் கல்யாணப் பை, மாமி. பை நிறைய மிச்சம். கல்யாணம்தான் மிச்சமில்லை. அவர் டூரெல்லாம் போகலை, நான்தான் வந்துட்டேன்."

மாமி ஒரு புடவையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டார். அதன் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியாம தினம் தினம் கேட்டுண்டே இருந்திருக்கேனே," என்றார். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "பை மீதி இருக்கா? எங்காத்து ஊஞ்சலுக்கும் ஒரு மெத்தை வேணும்."

"பேரோடவா, பேரில்லாமலா?" என்று கேட்டாள் அக்கா.

இப்போதைய நிலவரம்: பஞ்சு காய ஒரு நல்ல வெயில் போதுமானதாக இருக்கிறது. மழை பெய்தால் பெயர்கள் தெரிகின்றன, காய்ந்தால் மறைகின்றன. மாமியின் மெத்தைக்கு நாடா மட்டும் தைக்க வேண்டும். விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. அக்கா காலைக் காபியை பால்கனியில் உட்கார்ந்து குடிக்கிறாள்.